விலைப்பட்டியலில் இல்லாத வட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெளியாகும் ஈரோடு மஞ்சள் சந்தை நிலவரத்தைப் பார்த்த பிறகே காலைக் காப்பியைக் கையில் எடுக்கும் விவசாயக் குடும்பம் எங்களுடையது. அந்த விலைப்பட்டியலில் இடம்பெறாத ஒரு கணக்கைப் பற்றியே இக்கடிதம்.

2010-11 பருவத்தில் மஞ்சள் விலை குவிண்டாலுக்கு (நூறு கிலோ) 17,000 ரூபாயைத் தொட்டபோது, இருபதாயிரத்தையும் எட்டிவிடும் என்று நம்பி, என் மாமனார் 40 மூட்டை விரலி மஞ்சளை விற்காமல் இருப்பு வைத்தார். 2012-இல் விலை 5,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிய பிறகும் அவருக்கு விற்க மனம் வரவில்லை. பதினேழாயிரத்துக்குக் கேட்ட சரக்கை ஐந்தாயிரத்துக்குப் போடுவதா என்ற ரோஷமே காரணம். அன்றாட விலையை நாள்காட்டித் தாளில் பென்சிலால் தவறாமல் குறித்துவைப்பார். சரக்கை விற்காததால் அடகு வைக்க நேர்ந்த என் நகையின் சீட்டு அதே நாள்காட்டிக்குப் பின்னால் செருகியிருந்தது; அதை மட்டும் ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை.

அவரை நான் குறை கூறவில்லை. கிடைக்கும் இலாபம் தரும் மகிழ்ச்சியைவிட, அதே அளவு நட்டம் தரும் வலி மனிதருக்குப் பெரிதாகத் தெரிகிறது என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு அறிஞர்கள் 1979-லேயே எழுதியிருக்கிறார்கள். விற்றால்தான் நட்டம் உறுதியாகும், விற்காதவரை நம்பிக்கை மிச்சமிருக்கும் என்று மனம் சொல்கிறது. ஆனால் லட்ச ரூபாய் அடகுக் கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால், இரண்டரை ஆண்டில் வட்டி மட்டும் 30,000 ரூபாய், அதாவது அன்றைய விலையில் ஆறு குவிண்டால் மஞ்சள். வண்டு துளைத்தது போக எஞ்சிய மூட்டைகளில் இதுவும் கழிந்தது.

என் பங்கும் இதில் உண்டு. மாமனாரிடமே கணக்குக் கேட்கும் மருமகள் என்ற பேச்சுக்கு அஞ்சி, அடகுச் சீட்டைப் பற்றி இரண்டு ஆண்டுகள் நான் வாய் திறக்கவில்லை. (பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வளர்ப்புத் திட்டங்களில் பணம் போட்டு ஏமாந்தவர்களிலும், வெளியே சொன்னால் கேவலம் என்று புகார் கொடுக்கவே தயங்கியவர்களை நான் அறிவேன்.) கடைசியில் ஒரு நோம்பி (பண்டிகை) இரவு, சீட்டையும் வட்டிக் கணக்கையும் அவர் முன்னால் வைத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அம்மிணி" என்றார். அடுத்த வாரமே மூட்டைகள் மண்டிக்குப் போயின.

ஆகவே ஒரு வேண்டுகோள். மஞ்சள் விலைக்குக் கீழே, லட்ச ரூபாய் நகைக்கடனின் ஒரு மாத வட்டி அன்றைய விலையில் எத்தனை கிலோ மஞ்சளுக்குச் சமம் என்பதையும் ஒரு வரியாக வெளியிட வேண்டுகிறேன். கேட்கத் தயங்கும் மருமகள்களுக்காக அந்த ஒரு வரி பேசும்.

இப்படிக்கு,
மஞ்சள் விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருவர்,
கொடுமுடி வட்டாரம்