மோப்தியின் மக்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைப் பற்றி நம் நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் தாக்குதல்களோடு நின்றுவிடுவதால், நைஜர் ஆறும் பானி ஆறும் கூடுமிடத்தில் அமைந்துள்ள மோப்தி நகரைப் பற்றிச் சில வரிகள் எழுத விரும்புகிறேன்.

போசோ இன மீனவர்களின் குடியிருப்பாக இருந்த இவ்வூர், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆற்றுத் துறைமுகமாக வளர்ந்து, பழம்பெரும் ஜென்னே நகரின் வணிகத்தையும் தன்பக்கம் ஈர்த்துக்கொண்டது. பம்பாரா, ஃபுலானி, சோங்காய், தோகோன் எனப் பல இனத்தார் அதன் படித்துறையில் கூடினர். சகாராவின் தௌதெனியில் வெட்டியெடுக்கப்பட்ட உப்புப் பாளங்கள் ஒட்டகங்களில் திம்புக்டு வந்து, அங்கிருந்து நீண்ட மரப்படகுகளில் மோப்தியில் வந்திறங்கும். அதே சந்தையில் போசோ பெண்களின் கருவாடும், ஃபுலானிப் பெண்கள் சுரைக்குடுக்கைகளில் கொண்டுவரும் பாலும், தோகோன் உழவர்களின் வெங்காயமும் விலைபேசப்படும். மீனவரும் மேய்ப்பரும் உழவரும் ஒருவர் விளைபொருளை மற்றவர் நம்பி வாழ்ந்தனர் என்பதையே இந்நகர வரலாற்றின் உயிர்நாடியாக நான் கருதுகிறேன்.

2012க்குப் பின் இப்பகுதியில் பரவிய வன்முறையில் ஃபுலானி, தோகோன் கிராமத்தார் பலர் உயிரிழந்தது நெஞ்சை உலுக்குகிறது. ஆனால் அதைத் தொன்றுதொட்ட இனப்பகை என்று எழுதுவது சரியன்று. மேய்ச்சல் நிலத்துக்கும் நீருக்குமான போட்டி, ஆயுதக் குழுக்களின் ஊடுருவல், அரசின் பாதுகாப்பு கிராமங்களை எட்டாத நிலை ஆகிய காரணங்களையும் விளக்கி, மோப்தி குறித்து ஒரு விரிவான கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்