ஒரே கம்பிக்கு மூன்று எண்கள்

மன்னார்குடி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேலைக்கு மாறிவிட்டாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே பாமணி ஆற்றுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார். திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் கடைமடையில்தான் இன்னும் காத்திருக்கிறார்கள். அம்மா நலம், உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ராஸ்பெரி பை 4 என்ற சிறிய கணினியில் யூஆர்ட் (தொடர்வரிசையாகத் தரவு அனுப்பும் சாதனம்) பிராசஸரைக் கூப்பிடும் கம்பியின் எண், அதாவது இன்டரப்ட் எண், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாக இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தாய். எல்லாமே சரிதான். அந்த பிசிஎம்2711 சிப்பின் வீடியோகோர் (கிராபிக்ஸ் பகுதி) பட்டியலில் யூஆர்ட் 57. அந்தப் பட்டியல் முழுவதும், அழைப்புகளைத் திரட்டிப் பிராசஸருக்கு அனுப்பும் ஜிக் கன்ட்ரோலருக்குள் 96இலிருந்து வரிசையாக நுழைகிறது, அதனால் 57 அங்கே 153. ஜிக்கில் 0 முதல் 15 வரை பிராசஸரின் கோர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்பவை. 16 முதல் 31 வரை ஒவ்வொரு கோருக்கும் தனியாக உள்ளவை, டைமர் போல. வெளிச் சாதனங்களின் கணக்கு 32இல்தான் ஆரம்பம். எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் அந்த 32ஐக் கழித்து எழுத வேண்டும் என்பது விதி, ஆகவே அங்கே 121. இதே சிப்பில் அந்த வகை யூஆர்ட் ஐந்தும் இந்த ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. அழைப்பு வந்தால் ஒவ்வொரு டிரைவரும் (சாதனத்தை இயக்கும் நிரல்) தன் சாதனம்தான் கூப்பிட்டதா என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரியுமே, நினைவிருக்கிறதா? அங்கே போய் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் ‘மூன்றாவது மதகு’ என்று மட்டும் சொன்னால் எந்த ஆற்றில், எந்த வாய்க்காலில் என்றுதான் கேட்பார். இன்டரப்ட் எண்ணும் அப்படித்தான். அது எந்தக் கன்ட்ரோலருடைய எண் என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு. டிவைஸ் ட்ரீயில் இன்டரப்ட்-பேரன்ட் என்ற வரி இருப்பது இதற்காகத்தான். லினக்ஸ் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் ஒரு ஐஆர்க்யூ டொமைன் வைத்து, அதன் வன்பொருள் எண்ணைத் தன் சொந்த எண் ஒன்றோடு இணைக்கிறது. டிரைவர் கையாள்வது அந்தச் சொந்த எண்ணை. ப்ராக் இன்டரப்ட்ஸ் (/proc/interrupts) கோப்பில் இடது ஓரத்தில் நீ பார்த்ததும் அதுதான். அது கணினி ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மாறலாம், அதை நம்பி எதையும் எழுதாதே.

நான் இதில் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் பழைய பிசியின் கதை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 8259 என்ற இன்டரப்ட் கன்ட்ரோலர் சிப்பின் எட்டுக் கம்பிகளை வெக்டர் (பிராசஸர் அழைப்பை அடையாளம் காணும் எண்) 8 முதல் 15 வரை வைத்துவிட்டார்கள். முதல் 32 வெக்டர்களையும் இன்டெல் தனக்கென்று ஒதுக்கியிருந்தது. பிறகு 80286 பிராசஸர் வந்தபோது டபுள் ஃபால்ட் (பிராசஸரின் சொந்தப் பிழை அழைப்பு) 8ஆம் எண்ணில் வந்தது. டைமரும் அங்கேதான் இருந்தது. அதனால் 8259ஐப் பயன்படுத்தும் கெர்னல் இன்றைக்கும் அந்தக் கம்பிகளை 32க்கு மேலே நகர்த்திவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கிறது. எண்களை நிரலுக்குள் புதைக்காமல் தனியே விவரித்து வைப்பதை நான் விரும்புவதற்கு இது ஒன்றே போதும்.

இப்போது உன் சென்சார். அதன் கம்பி வேலை நேரத்தில் தாழ்வாக இறங்கும் என்று எழுதியிருக்கிறாய். அதை நேரே ஜிக்கில் இணைக்க முடியாது. ஜிக்கின் வெளிக் கம்பிகள் உயர்நிலையையோ (கம்பி உயர்ந்தே இருப்பது) ஏறும் விளிம்பையோ (அது உயரும் கணம்) மட்டும்தான் ஏற்கும். நீ ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு பின்) 17 வழியாகக் கொண்டுவருவது சரியான வழி. அப்போது பேரன்ட் ஜிபிஐஓ கன்ட்ரோலர், எண் 17, கொடி (அழைப்பின் வகையைக் குறிக்கும் எண்) தாழ்நிலைக்கான 8. ஜிபிஐஓ தன் பங்குக்கு ஜிக்கைக் கூப்பிடும். கொடியை மட்டும் நிதானமாகப் பார்த்து எழுது. நிலையை விளிம்பு என்று எழுதினால் சில அழைப்புகள் சத்தமில்லாமல் தொலையும், அதைத் தேடிக் கண்டுபிடிப்பது மகா சிரமம். கம்பி சும்மா இருக்கிற நிலையையே அழைப்பு என்று எழுதிவிட்டால் கெர்னலுக்கு ஓயாமல் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ஒரு லட்சம் அழைப்பில் 99,900க்கு மேல் யாரும் ஏற்கவில்லை என்றால் லினக்ஸ் அந்தக் கம்பியையே மூடிவிடும். அந்தச் செய்தி திரையில் வந்தால் டிரைவரைத் திட்டுவதற்கு முன் கொடியைத் திறந்து பார்.

அடுத்து ரிஸ்க்-ஃபைவ் பிராசஸர் பக்கம் போகப்போவதாகச் சொன்னாய். அங்கே ஜிக்கின் வேலையைச் செய்யும் பிளிக் கன்ட்ரோலரில் 0 என்றால் எதுவும் இல்லை என்று அர்த்தம், சாதனங்கள் 1இலிருந்துதான் ஆரம்பம். கணினியை மென்பொருளிலேயே போலச் செய்யும் க்யூஇமுவின் விர்ட் போர்டில் யூஆர்ட்டுக்கு 10. கழித்தல் கணக்கெல்லாம் கிடையாது. பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம்.

டிவைஸ் ட்ரீயில் சென்சாருக்கான நோடை (பகுதியை) எழுதி முடித்ததும் அனுப்பு, வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? வரும்போது போர்டையும், கம்பியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் லாஜிக் அனலைசரையும் எடுத்து வா, அந்தக் கம்பியை இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்