என் குரலை எனக்கே கேட்க வைத்தவர்களுக்கு

எட்டாம் ஆண்டில் திருக்குறள் மனனப் போட்டி. மூன்றாவது குறளின் நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் நானாக வாய் திறந்ததே இல்லை. ஆசிரியராக வேண்டும் என்று கல்லூரிக்கு வந்தவளுக்கு அது எவ்வளவு பாரம் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். போன கிழமை நிலாவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் 32 பேருக்குப் பருவக்காற்று படிப்பித்தேன். மணி அடித்த பிறகும் கேள்வி கேட்டார்கள். அதற்குக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

கல்வித் தொழில்நுட்ப மிஸ், நீங்கள் ஒருநாளும் என்னை எழுப்பி முன்னுக்கு வரச் சொல்லவில்லை. "வீட்டில வச்சுப் போனில பதிஞ்சு கொண்டு வாங்கோ. பிடிக்காட்டி அழிச்சிட்டுத் திரும்பப் பதியுங்கோ" என்றீர்கள். 17 தரம் அழித்தேன். 18ஆவதை ஓடாசிட்டி என்கிற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து காட்டினீர்கள். குரல் மேடும் பள்ளமுமாக ஓடியது. நான் தயங்கிய இடங்கள் நேர்கோடாகக் கிடந்தன. எல்லாவற்றையும் வெட்டச் சொல்லிக் கேட்டேன். நீங்கள் ஒரு கோட்டைத் தெரிவுசெய்து அதன் நேரத்தைக் காட்டினீர்கள். ஒரு வினாடிகூட இல்லை. எனக்குள் ஒரு யுகமாக நீண்ட தயக்கம் அது. "மூச்சு எடுக்கிற இடத்தை விட்டிடுங்கோ, பிள்ளையள் யோசிக்கிறது அங்கதான்" என்றீர்கள். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, மிஸ். சந்தோசத்தில்.

ஸ்லைடில் எழுதியிருப்பதையே வாசிக்கக் கூடாது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளைச் சொல்லி விளக்கியதும் நீங்கள்தான். படத்தோடு பேச்சு போதும், அதே வசனம் திரையிலும் இருந்தால் கவனம் சிதறும். நான் அந்த வசனங்களுக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தேன். அவற்றை அழிக்கவே எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.

கணினி ஆய்வுகூட அண்ணாவுக்கும் நன்றி. பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய என் ஸ்லைடுகள் உங்கள் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறி நின்றபோது, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித் தந்ததோடு நில்லாமல், ஏன் அப்படி ஆகிறது என்றும் உட்கார்ந்து சொல்லித் தந்தீர்கள். இப்போது நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

கிண்ணியாவில் பஸ் ஏறும் என் தோழியே, மூதூரில் இருந்து நான் பிடித்து வைத்த சீற்றில் இருந்துகொண்டு நீ செய்தது பெரிய உதவி. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியதும் "தொடங்கு" என்பாய். பாலம் முடியமுன் என் முன்னுரை முடிய வேண்டும். முன்சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்த நாட்களில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

அப்பா, 2009இல் அந்தப் பாலம் திறக்கமுன் துறையில் பாதை என்கிற மிதவைப் படகுக்காகக் காத்து நின்ற கதைகளைச் சொல்லி வளர்த்தவர் நீங்கள். படித்தவர்கள் முன் பேசமாட்டேன் என்று ஒதுங்குகிறவரும் நீங்கள்தான். பாடப்புத்தகத்தில் வடகீழ்ப் பருவக்காற்று என்று இருந்ததை நீங்கள் வாடை என்றீர்கள். வலை பொத்திக்கொண்டே, மழை பிடித்தால் கொட்டியாரக் குடாவில் மகாவலித் தண்ணீர் கலங்கி வருவதையும், கடல் பெருத்தால் தோணியைக் கரையில் ஏற்றிவிட்டுக் காத்திருப்பதையும் சொன்னீர்கள். அதைப் போனில் பதிந்து பாடத்தில் சேர்த்தேன்.

உங்கள் குரல் வகுப்பில் கேட்டதும் கடைசி வாங்கில் இருந்த ஒரு பையன் எழும்பினான். "டீச்சர், எங்கட அப்பாவும் இப்பிடித்தான் சொல்லுவார்" என்று தொடங்கியவன் நடுவில் நின்றுவிட்டான். நான் அவசரப்படுத்தவில்லை. பிள்ளைகளும் காத்திருந்தார்கள். பிறகு அவன் சோழகம் என்கிற தென்மேல் காற்றைப் பற்றிச் சொன்னான், அப்பா. முழுவதும் சொன்னான்.

இப்படிக்கு,
மூதூரிலிருந்து ஓர் ஆசிரிய மாணவி