ஹாங்காங்கிலிருந்து முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ராஜி சொன்னாள், நிம்மதி. நீ அனுப்பிய கடலைமிட்டாய் வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் வைத்த அன்றே காலி.

எங்கள் அலுவலகம் சென்ட்ரல் பகுதிக்கு மாறிவிட்டது. ஜன்னலுக்கு எதிரே ஜார்டின் ஹவுஸ், 1973-இல் கட்டிய 52 மாடி, ஜன்னலெல்லாம் வட்டம் வட்டமாக. தள்ளி, நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த எச்.எஸ்.பி.சி. கட்டடமும் ஐ.எம்.பெய்யின் சீன வங்கிக் கோபுரமும். நீ கேட்ட படங்களை அப்புறம் அனுப்புகிறேன். இப்போது என் மனம் முழுக்க வேறொரு இடத்தில் இருக்கிறது.

இங்கிருந்து ஹாலிவுட் சாலை வழியாக நடந்து, படிக்கட்டு ஏறினால் தாய் பிங் ஷான். 1894-இல் பிளேக் வந்து இந்த நகரத்தில் சுமார் 2500 பேர் செத்தார்களே, அதில் மிக மோசமாக அடிபட்ட இடம் இதுதான். ஒரே அறையைப் பலகையால் தடுத்துத் தடுத்து, ஜன்னல் இல்லாத பொந்துகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். என்னால் தாங்க முடியாதது எது தெரியுமா? 1882-லேயே ஆஸ்பர்ட் சாட்விக் என்ற பொறியாளர் இந்த வீடுகளின் காற்றோட்டம், சாக்கடை எல்லாவற்றையும் ஆராய்ந்து அறிக்கை கொடுத்துவிட்டார். அதை வைத்துச் சட்டம் கொண்டுவரப் போனபோது, கட்டடத்தில் பணம் போட்டவர்கள் இடமும் வாடகையும் போச்சே என்று எதிர்த்து அதை நீர்த்துப்போக வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிணம் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் அங்கிருந்த வீடுகளை வாங்கி இடித்தது. அந்த இடத்தில் ஒரு பகுதி இப்போது பிளேக் கார்டன் என்ற பூங்கா. ஆளுநர் ஹென்றி பிளேக்கின் பெயர்தான், நோயின் பெயர் இல்லை.

பிளேக் கிருமியைக் கண்டுபிடித்த யெர்சினுக்கு முதலில் மருத்துவமனைப் பிணங்களைத் தரவில்லை. அதே கிருமியைத் தேடி ஜப்பானிலிருந்து வந்த கிடசாட்டோவுக்குத்தான் எல்லா வசதியும். யெர்சின் ஓலைக் குடிசை போட்டு, பிணம் புதைக்கும் மாலுமிகளுக்குக் காசு கொடுத்து மாதிரி எடுத்தார். இன்று அந்தக் கிருமிக்கு அவர் பெயர். இங்கிருந்து கப்பலேறித்தான் பிளேக் 1896-இல் பம்பாய்க்குப் போனதாகச் சொல்கிறார்கள். கொரோனாவுக்கு நம் ஊரில் தூசி தட்டி எடுத்தார்களே 1897 தொற்றுநோய்ச் சட்டம், அது அந்தப் பிளேக்குக்குப் போட்டது.

அப்புறம் ஒரு சங்கதி. செத்த எலியைப் போடுவதற்கு விளக்குக் கம்பங்களில் பெட்டி தொங்கவிட்டிருந்தார்கள், உள்ளே கிருமிநாசினி. ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை என்று ஒரு ஜோடி சேர்ந்து போனால் ‘விளக்குக் கம்பத்தில் எலிப்பெட்டி’ என்று இந்த ஊரில் கேலி செய்வார்களாம். நம் விடுதி ஜோடி ஞாபகம் வருகிறதா? அவனிடம் சொல்லிவிடாதே, அடிக்க வருவான்.

சரி, பழைய கதை என்று விட முடியவில்லை. 2003-இல் இங்கே 412 மீட்டர் உயரத்துக்கு ஐ.எஃப்.சி. இரண்டாம் கோபுரம் கட்டி முடித்தார்கள். அதே வருஷம் சார்ஸ் என்ற சுவாச நோய் வந்து 299 பேர் போனார்கள். அமாய் கார்டன்ஸ் என்ற ஒரே குடியிருப்பில் மட்டும் 300 பேருக்கு மேல் தொற்று. குளியலறைத் தரை வடிகாலுக்குக் கீழே குழாய் ‘ப’ போல வளைந்திருக்கும் இல்லையா, அந்த வளைவில் தண்ணீர் நிற்கும் வரைதான் சாக்கடைக் காற்று மேலே வராது. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துடைத்தே பழகியதால் பல வீடுகளில் அது வற்றிக் கிடந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் கழிவுக் குழாய்க் காற்றை உள்ளே இழுத்துவிட்டது. விசாரணையில் வந்த முடிவு இது. லிஃப்ட் பட்டன்களுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, மணிக்கொரு தடவை துடைக்கிறோம் என்று எழுதி வைக்கும் வழக்கம் அப்போது வந்ததுதான். எத்தனை பேர் அழுத்தினார்களோ, எங்கள் கட்டடத்தில் தரைத்தளப் பட்டன் மேல் மட்டும் அந்தத் தாள் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது.

நீ போன மாதம் போனில், பதினோராவது மாடிப் புது வீட்டில் விருந்தினர் பாத்ரூம் நாற்றமடிக்கிறது, பில்டரிடம் சொன்னால் பினாயில் ஊற்றச் சொல்கிறான் என்றாயே, அது எனக்கு இப்போதுதான் உறைத்தது. யாரும் புழங்காத அறை, அந்தக் குழாய் வளைவு வற்றித்தான் இருக்கும். இன்றைக்கே தரைக்குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்று. வாரம் ஒரு தடவை ஊற்று. அதற்குப் பிறகும் நாறினால் வளைவே வைக்காமல் நேராகக் குழாய் இறக்கியிருப்பான். சங்கத்தைக் கூட்டிச் சண்டை போடு, விடாதே. மேலும் கீழும் அதே குழாயில் எத்தனை குடும்பம் இருக்கிறது, எண்ணிப் பார்.

டிசம்பரில் உன் மகள் வந்தால் இங்கே கெய்ன் லேனில் ஒரு மருத்துவ அருங்காட்சியகம் இருக்கிறது, கூட்டிப் போகிறேன். 1906-இல் கிருமி ஆய்வுக்கூடமாகக் கட்டிய செங்கல் கட்டடம். மருத்துவம் படிக்கிற பெண் பார்க்க வேண்டிய இடம். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், நான் லீவு எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்