உள்நாட்டு விவகாரம் என்று நாமே சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திபெத் என்று பேச்சு எடுத்தாலே "அது சீனாவின் உள்நாட்டு விவகாரம், நமக்கு எதற்கு" என்று எங்கள் டர்பன் பக்கம் நன்றாகப் படித்தவர்கள்கூடச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தென்னாப்பிரிக்கத் தமிழன் வாயிலிருந்து அந்தப் பதில் வரக்கூடாது.

1946-இல் இங்கிருந்த இந்தியர்களுக்கு நடந்த கொடுமையை இந்தியா ஐநா பொதுச்சபைக்குக் கொண்டுபோனபோது அன்றைய பிரதமர் ஸ்மட்ஸின் அரசு சொன்ன பதிலும் இதுதான், எங்கள் உள்நாட்டு விவகாரம், ஐநாவுக்கு இதில் வேலையில்லை என்று. பின்னால் வந்த நிறவெறி அரசும் கடைசிவரை அதையேதான் சொன்னது. சரி, உலகம் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1977-இல் ஆயுதத் தடை வந்திருக்காது, டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பாரக்ஸிலிருந்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட நம் குடும்பங்கள் ஓட்டுப் போட இன்னும் எத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்திருக்குமோ.

அப்படி விடுதலை பெற்ற நாடு திபெத்தியர்களின் மதத் தலைவர் தலாய் லாமாவை எப்படி நடத்தியது என்று பாருங்கள். 1996-இல் மண்டேலா அவரைச் சந்தித்தார். 2004-இலும் அவர் இங்கே வந்து போனார். சீனா நமக்கு மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி ஆனது 2009-இல், அதே ஆண்டு ஜோஹன்னஸ்பர்க் அமைதி மாநாட்டுக்கு வர அவருக்கு விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2011-இல், நிறவெறியை எதிர்த்துப் போராடிய பேராயர் டூட்டு தன் 80-வது பிறந்தநாளுக்கு அழைத்தார், மறுப்பு என்றும் சொல்லாமல் அனுமதி என்றும் சொல்லாமல் இழுத்தடித்து, தலாய் லாமாவே பயணத்தை ரத்து செய்யும்படி ஆக்கினார்கள். இந்த அரசு நிறவெறி அரசைவிட மோசம் என்று டூட்டு வெளிப்படையாகவே கொதித்தார், அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்கு எவ்வளவு வலி இருந்திருக்க வேண்டும்! எதிர்க்கட்சிகளான புத்தலேசி கட்சியும் கோப் கட்சியும் வழக்குப் போட்டன, அந்தத் தாமதம் சட்டவிரோதம் என்று 2012-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. அப்புறமும் 2014-இல் அதே விசாக் கதை, கேப் டவுனில் நடக்கவிருந்த நோபல் அமைதிப் பரிசாளர் மாநாடு கைவிடப்பட்டு ரோமுக்குப் போனது.

இவ்வளவும் ஒரு விசாவைப் பற்றி. திபெத்துக்குள் நடப்பது இதைவிடப் பல மடங்கு. 1995-இல், தலாய் லாமாவுக்கு அடுத்த பெரிய குருவான பஞ்சன் லாமாவாகத் தலாய் லாமா அறிவித்த ஆறு வயதுச் சிறுவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இன்றுவரை அவரை வெளியுலகம் பார்த்ததில்லை. சுமார் பத்து லட்சம் திபெத்தியப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் சீனமொழியில் பாடம் நடக்கும் உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று ஐநா நிபுணர்கள் 2023-இல் எச்சரித்தார்கள். அந்தப் பள்ளிகளுக்குப் பொறுப்பான சீன அதிகாரிகளுக்கு அமெரிக்கா அதே ஆண்டு விசா கட்டுப்பாடு போட்டது. பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பாடம் வேண்டும் என்று கேமரா முன்னால் கேட்ட தாஷி வாங்சுக் என்ற கடைக்காரருக்கு ஐந்து ஆண்டு சிறை. இந்த நாட்டில் கோயில் தமிழ்ப்பள்ளியில் வேலை முடிந்து வந்து மாலையில் பாடம் சொன்ன எத்தனை பேரை நமக்குத் தெரியும், அவர்கள் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை நான் தமிழில் எழுதியிருக்க முடியாது. அதே தாய்மொழிப் பாடத்தைக் கேட்டதற்காக ஒருவன் ஜெயிலுக்குப் போனான் என்றால் நமக்குச் சுருக்கென்று தைக்க வேண்டாமா?

வியாபாரம் முக்கியம், வேலை வாய்ப்பு முக்கியம் என்கிறார்கள். முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1946-இல் இந்தியா நமக்காகத் தென்னாப்பிரிக்காவுடன் வியாபாரத்தையே நிறுத்தியது. பிரிட்டோரியாவில் இருக்கும் நம் அரசிடம் அந்த அளவுக்குக்கூட நான் கேட்கவில்லை. ஐநா மனித உரிமை மன்றத்தில் எழுந்து, அந்த உறைவிடப் பள்ளிகளை ஐநா பார்வையாளர்கள் சுதந்திரமாகப் போய்ப் பார்க்கட்டும் என்று வெளிப்படையாகக் கேட்கட்டும். நம் தமிழ்ச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் தங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதைக் கோரி ஆளுக்கொரு கடிதம் போட வேண்டும், என்னுடையதை இந்த வாரமே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்