பவளம் வேறு, மாணிக்கம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், சொல்லுக்குப் பொருள் தரும் பகுதியில், ‘பவளம்: சிவப்பு இரத்தினக்கல். வேறு பெயர்கள்: துகிர், மாணிக்கம், கெம்பு, செம்மணி’ என்று அச்சாகியிருந்தது. இந்த நான்கில் துகிர் ஒன்றுதான் சரி. துப்பு, வித்துருமம், பிரவாளம் என்று உண்மையான மறுபெயர்கள் இருக்க, அவற்றில் ஒன்றுகூட இல்லை. மாணிக்கமும் பவளமும் ஒன்றென்றால் நவரத்தினத்தில் எட்டுதான் மிஞ்சும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பொன்னும் துகிரும் முத்தும் மலை தந்த மணியும் தனித்தனி இடத்தில் பிறந்தவை, நகையாகும்போதுதான் ஒன்று சேர்கின்றன என்று புறநானூற்றின் 218ஆம் பாட்டு அப்போதே பிரித்துச் சொல்லிவிட்டது.

மாணிக்கம் மண்ணில் கிடைப்பது. அலுமினியம் ஆக்சைடு, கடினம் மோஸ் அளவில் பத்துக்கு 9. பவளம் கடலுக்கடியில் சின்னஞ்சிறு கடல் பிராணிகள் கட்டிய கூடு. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சிப்பி ஓட்டில் இருக்கும் அதே பொருள். கடினம் 3 முதல் 4 வரைதான். ஒரே அளவுக் கல்லில் மாணிக்கத்தின் எடை ஒன்றரை மடங்கு இருக்கும். கெம்பு என்பது அட்டிகையிலும் ராக்கொடியிலும் பதிக்கும் சிவப்புக் கல்லுக்குப் பட்டறையில் சொல்லும் பெயர்; இன்று அதில் பெரும்பாலும் செயற்கைக் கல்லோ கண்ணாடியோதான் வருகிறது. பவளத்தை எந்தப் பட்டறையிலும் கெம்பு என்று சொல்வதில்லை. சௌகார்பேட்டைக் கடைகளில் மூங்கா, ராயபுரத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் பகடம். கருகமணியோடு கோக்கும் பவளத்தைக் கெம்பு என்றால் அந்த வீட்டுப் பெண்கள் ஒப்புக்கொள்வார்களா?

பெயர்தானே என்று தாங்கள் விட்டுவிடக்கூடாது. பவள மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுக்கும்போது ‘கெம்புக் கல்’ என்று சொல்லிக் கொடுத்தால், அவசரத்தில் கல்லைக் கழற்றாமல் பற்றவைக்கும் ஆசாரியும் உண்டு. அந்தச் சூட்டில் பவளம் வெளுத்து வெடித்துவிடும். பற்றவைத்த கறை போகத் திராவகத்தில் போட்டாலோ மெருகு ஒரு நிமிடத்தில் போய்விடும். நகையிலிருந்து பவளத்தை முதலில் கழற்ற வேண்டும். பொன் வேலை முழுதும் முடிந்த பிறகே திரும்பப் பதிக்க வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். புளி போட்டுத் தேய்த்தால் பொன் பளபளக்கும், பவளம் மங்கும், ஏனென்றால் புளியின் அமிலம் அதைத் தின்னும். சாதாரணத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். சென்ட் பூசிய பிறகுதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் ஏமாறுவதும் இந்தக் குழப்பத்தால்தான். மூங்கில்போல் கணுக்கணுவாக வளரும் மலிவான வேறு வகைப் பவளமான மூங்கில் பவளத்துக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி அசல் என்று விற்கிறார்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும், நுரைத்தால் அசல் என்று போன வருடம் தங்கள் ஆன்மிக இணைப்பில் எழுதினீர்கள். சாயம் ஏற்றியதும் கால்சியம் கார்பனேட்தான், அதுவும் நுரைக்கும். அசலாக இருந்தால் மெருகு கெட்டதுதான் மிச்சம். நகப்பூச்சு நீக்கியில் பஞ்சைத் தோய்த்துக் கல்லின் பின்புறம் துடைத்தால் சிவப்பு இறங்குகிறதா என்று பார்க்கலாம். இறங்காவிட்டாலும் அசல் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. மேலே மெழுகு பூசியிருக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால், அசலில் மிக நெருக்கமான மெல்லிய இணைகோடுகள் தெரியும், மூங்கில் பவளத்தில் கோடுகள் தடித்து இடைவிட்டு இருக்கும். உள்ளே குமிழி தெரிந்தால் அது கண்ணாடி.

மன்னார் வளைகுடாப் பவளப்பாறை பற்றிய செய்திக்கு நகைக்கடைப் பவள மாலையின் படம் போட்டதும் தங்கள் நாளிதழ்தான். நகைக்குரிய சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. நம் கடலின் பாறைப் பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டது. கரையில் ஒரு துண்டைப் பொறுக்கிப் பையில் வைத்தாலும் வழக்காகலாம். படத்தைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று நம்பியவருக்கு இது எப்படித் தெரியும்?

இத்தனையும் எங்கள் பவளக்காரத் தெரு இருக்கும் ஊரில் அச்சாகிறது என்பதுதான் மனத்தை அறுக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத வணிகர்கள் லண்டன் வழியாக மத்தியதரைக் கடல் பவளத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போன வணிகத்தின் பெயர் அது. ஜார்ஜ் டவுன் பற்றிய தங்கள் கட்டுரையில் அந்தத் தெருவுக்கு ஒரே வரிதான் கிடைத்தது. அதிலும் ‘பவழக்கார’ என்று ஒரு பத்தியில், ‘பவளக்கார’ என்று அடுத்த பத்தியில். இரண்டும் வழக்கில் உள்ளவைதான், ஆனால் ஒரு பக்கத்துக்குள்ளாவது ஒன்றாக இருக்கலாமே.

வரும் ஞாயிறு அதே பகுதியில், அதே எழுத்தளவில், ‘மாணிக்கம், கெம்பு, செம்மணி ஆகியவை பவளத்தின் மறுபெயர்கள் அல்ல’ என்று ஒரு வரி போடுங்கள். இடம் இருந்தால், பவளம் வாங்குவோர் ரசீதில் ‘இயற்கைப் பவளம், சாயமேற்றாதது’ என்று எழுதி வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கல் பதிக்கும் தொழிலாளி,
முத்தியால்பேட்டை, சென்னை – 1