கட்டை சுமந்தவர்களுக்கும் சந்து அடைத்தவர்களுக்கும் நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

மக்கும் மரத்தை அடியில் போட்ட மேட்டுப்பாத்தி 8 அடி நீளம், 4 அடி அகலத்தில் எழும்பிவிட்டது. அகலம் கூடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர்களுக்கு முதல் நன்றி. ஒரு பக்கமிருந்து கை 2 அடிதான் எட்டும். பாத்திமேல் ஏறி மிதித்தால் மண் இறுகிவிடும்.

1 அடி ஆழப் பள்ளம் வெட்டும்போதே மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவித்தீர்கள். கலந்திருந்தால் விதை விழும் இடத்தில் அடிமண் வந்திருக்கும்.

கட்டை கொண்டுவந்தவர்கள் பார்த்துப் பொறுக்கியிருந்தீர்கள்: நகத்தால் கீறினால் உதிரும் பழங்கட்டை, அரையடிக்கு மேல் தடிமன். தைலமரமும் பெயின்ட் அடித்த பலகையும் ஒன்றுகூட இல்லை. பச்சை முருங்கைக் கிளையை ஒதுக்கியதும் சரியே, புதைத்த இடத்திலேயே துளிர்த்துவிடும்.

பெரிய நன்றி சந்து அடைத்தவர்களுக்கு. யார் கண்ணிலும் படாத வேலை அது. கட்டைகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் எலி குடியேறும், மழையில் மண் உள்ளே இறங்கும், மேலே செடி வேர் அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொரு வரிசைக்கும் அடிமண்ணும் சாணமும் குச்சியால் குத்தி இறக்கி, தண்ணீர் விட்டு, இறங்கிய இடத்தில் மறுபடி நிரப்பினீர்கள். கட்டையை முதல்நாளே ஊறவைத்தவர்களும் இதில் சேர்த்தி. காய்ந்த கட்டை மண்ணின் ஈரத்தையே உறிஞ்சும்.

சாணமும் பச்சைத் தழையும் தந்தவர்கள் இல்லையென்றால் முதல் பருவத்தில் இலையெல்லாம் வெளிறியிருக்கும். மரத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) சில நூறு பங்கு கரிமம் (கார்பன்) உண்டு, சாணத்தில் 20 பங்குக்குப் பக்கம். நுண்ணுயிர்கள் மரத்தைத் தின்னும்போது குறையும் தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். கட்டைக்கும் மேல்மண்ணுக்கும் நடுவே அரையடிக்குச் சாணமும் தழையும் பரப்பியது இதற்காகத்தான். இந்தப் பருவம் அவரையும் பூசணியும் போதும். கேரட், முள்ளங்கி வேண்டாம், மேல்மண் அரையடிதான்.

சரிவில் மண்ணை மூடிக் காக்கும் மூடாக்குப் போட்டவர்களுக்கும் நன்றி. பக்கவாட்டில் இரண்டு இடம் கொஞ்சம் செங்குத்தாக இருக்கிறது, முதல் பெருமழையில் அங்கே கரையும்.

பாத்தி ஒரு வருடத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் அளவு தாழும். அப்போது மேலே போடத்தான் ஓரத்தில் மீதி மேல்மண்ணை மூடி வைத்திருக்கிறோம். தொட்டிச் செடிக்கு என்று யாரும் அள்ளிவிட வேண்டாம்.

நன்றியுடன்,
பாத்தி போட்ட குழுவினர்